விசா வேண்டாம் என்றால் கேள்வியும் கிடையாதா?



விடுமுறை நெருங்கினாலே என் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரியான கேள்விகள் வரிசை கட்டி நிற்கின்றன. "டீச்சர், தாய்லாந்துக்கு விசாவே வேண்டாமாமே, நிஜமா?" "சித்தி, விசா வேண்டாம்னு சொல்லிட்டு ஏதோ கார்டு பதியணும்னும் சொல்றாங்களே, எதை நம்புறது?" "டீச்சர், டிக்கெட், ஓட்டல் எல்லாம் சரியா இருந்தும் பாங்காக் ஏர்போர்ட்ல தம்பியை மட்டும் ஓரமா நிறுத்திட்டாங்க, ஏன்?"

தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, இந்த வாசலின் வரலாற்றையே ஒருமுறை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் சமூக அறிவியல் நடத்திய வாய். சுருக்கமாகப் பேச வராது. டீயை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் பாஸ்போர்ட். முதல் உலகப் போருக்கு முன் ஐரோப்பாவின் பல நாடுகளுக்குள் அது இல்லாமலே போய்வர முடிந்தது. 1914-ல் போர் வந்தது. ஒற்றர்கள் வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் எல்லையில் காகிதம் கேட்க ஆரம்பித்தார்கள். போர் முடிந்ததும் எடுத்துவிடுவோம் என்று நினைத்த கட்டுப்பாடு, போர் முடிந்த பிறகும் போகவில்லை. 1920-ல் பாரிஸில் சர்வதேச சங்கம் கூட்டிய மாநாடு, எல்லா நாடுகளும் ஒரே வடிவத்தில் 32 பக்கப் புத்தகமாகப் பாஸ்போர்ட் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. இன்று நம் அலமாரியில் இருக்கும் சின்னப் புத்தகத்தின் தாத்தா அதுதான்.

அடுத்த திருப்பம் விமானம். கப்பலில் வருபவர்களைச் சோதிக்க நாள் கணக்கில் நேரம் இருந்தது. விமானத்தில் ஒரே நேரத்தில் இத்தனை பேர் வந்து இறங்கினால் என்ன செய்வது? 1944 டிசம்பரில் சிகாகோவில் சர்வதேச விமானப் போக்குவரத்து ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் 9-ஆவது பிற்சேர்க்கை 1949-ல் வந்தது. அதன் சாரத்தைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும்: பயணியைத் தேவையில்லாத காகிதங்களால் தாமதப்படுத்தாதீர்கள். சோதனை செய்யுங்கள், ஆனால் சீக்கிரம் செய்யுங்கள். அன்று தொடங்கிய இழுபறி இன்றுவரை தீரவில்லை. ஒரு பக்கம் பாதுகாப்பு, இன்னொரு பக்கம் வருமானம். சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் நாடுகளில் இந்த இழுபறி பளிச்சென்று தெரியும். அதில் நம்மவர்கள் அதிகம் போகும் தாய்லாந்தையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1960-ல் தாய்லாந்துக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 81 ஆயிரம் பேர். நம் ஊர்த் தேர்த் திருவிழாவுக்கு வரும் கூட்டம்தான். அந்தக் காலத்தில்தான் அங்கே சுற்றுலாவுக்கென்று ஓர் அரசு அமைப்பு உருவானது. அறுபதுகளில் வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வு நாட்களைக் கழிக்கத் தாய்லாந்துக்கு வந்தார்கள். ஓட்டல்கள் பெருகின. போர் முடிந்தது, சிப்பாய்கள் போனார்கள், ஓட்டல்கள் மட்டும் நின்றன. அவற்றை நிரப்ப ஆள் வேண்டும். 1987-ஐ 'தாய்லாந்துக்கு வாருங்கள்' ஆண்டாக அறிவித்தார்கள். அந்த ஆண்டு வந்தவர்கள் சுமார் 35 லட்சம் பேர்.

இதற்கிடையில் 1979-ல் வந்த குடியேற்றச் சட்டத்தைக் கவனியுங்கள். அவர்கள் பௌத்த ஆண்டுக் கணக்கில் 2522. உள்ளே வந்து பிழைக்கப் போதிய பணம் இல்லாதவரையும், கூலி வேலை தேடி வருபவரையும் திருப்பி அனுப்பலாம் என்கிறது அந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு. இன்றைக்கும் கவுன்ட்டரில் இருக்கும் அதிகாரி "கையில் எவ்வளவு பணம் இருக்கிறது?" என்று கேட்டால், அவர் கையில் இருக்கும் அதிகாரம் அதுதான். விளம்பரப் பலகையில் "வாருங்கள், வாருங்கள்" என்று எழுதிய காலத்திலேயே சட்டப் புத்தகத்தில் "நில்" என்ற சொல்லும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1997 ஜூலை 2-ஆம் தேதி பாட் நாணயம் சரிந்து ஆசியாவையே உலுக்கியது. வெளிநாட்டுப் பணம் உடனே வேண்டும். சுற்றுலாதான் கைகொடுக்கும் என்று 'அற்புதத் தாய்லாந்து' என்ற பெரிய விளம்பர இயக்கத்தைத் தொடங்கினார்கள். 2006 செப்டம்பரில் சுவர்ணபூமி விமான நிலையம் திறந்தது. பெயரைக் கவனித்தீர்களா? நம் பழைய நூல்களில் கிழக்குத் திசை நாடுகளுக்குச் சொல்லப்பட்ட 'பொன் பூமி'.

அந்தப் பொன் பூமியின் வாசலில் எல்லோருக்கும் ஒரே வழி இருக்கவில்லை. ஐரோப்பாவின் பெரும்பாலான நாட்டினரும், அமெரிக்கர், ஜப்பானியர் போன்றவர்களும் விசா இல்லாமல் நேரே கவுன்ட்டருக்குப் போக முடிந்தது. இந்தியா, சீனா உள்ளிட்ட சில நாட்டினருக்கு 'வந்து இறங்கியதும் விசா' என்ற தனி மேசை இருந்தது. 15 நாள்தான் அனுமதி. 2016-ல் அதன் கட்டணத்தை 1,000 பாட்டிலிருந்து 2,000 ஆக உயர்த்தினார்கள்.

அந்த மேசையை நானும் பார்த்திருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் பதினோரு பேர் 2018 ஜனவரியில் போனோம். படிவம், அதில் ஒட்டப் புகைப்படம், திரும்பி வரும் டிக்கெட், தங்கும் ஓட்டல் விவரம், ஆளுக்கு 10,000 பாட் பணம், கட்டணம் 2,000 பாட். அன்றைய கணக்குக்கு அந்தக் கட்டணமே நம் பணத்தில் 4,000 ரூபாய் வரும். ஒன்றரை மணி நேரம் நின்றோம். பக்கத்து வரிசையில் ஒரு கல்லூரிப் பையன், கிழிந்த ஜீன்ஸ், முதுகில் ஒரு பை, ஐந்தே நிமிஷத்தில் போய்விட்டான். எங்களில் ஒருவர் தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவர். "இத்தனை வருஷம் நான்தானே எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்தேன்" என்று சிரித்தார். சிரித்தாலும் எல்லோருக்கும் உள்ளே சுருக்கென்றது. அந்த மேசை பாஸ்போர்ட்டின் அட்டையைத்தான் பார்க்கிறது. அதைப் பிடித்திருப்பவர் யார் என்பது அதற்கு இரண்டாம் பட்சம். பல வளரும் நாடுகளின் குடிமக்களுக்கு இது பழகிப்போன அனுபவம்.

அதே 2018-ல் கதை திரும்பியது. ஜூலையில் புக்கெட் கடலில் படகு கவிழ்ந்து 47 சீனச் சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். செப்டம்பரில், பாங்காக்கின் பழைய விமான நிலையமான டான் முவாங்கில், அனுமதி மறுக்கப்பட்ட ஒரு சீனப் பயணியைக் காவலாளி அடிக்கும் காணொளி பரவியது. ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு கோடிப் பேராக வந்துகொண்டிருந்த சீனர்களின் வருகை சட்டென்று குறைய ஆரம்பித்தது. அரசு பதறியது. பிரதமர் வருத்தம் தெரிவித்தார். சில விமான நிலையங்களில் சீனர்களுக்கென்றே தனி வரிசை போட்டார்கள். நவம்பரில், வந்து இறங்கியதும் வாங்கும் விசாவுக்கு அந்த 2,000 பாட் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள். அந்தப் பட்டியலில் நாமும் இருந்தோம். சீனர்களை மறுபடி அழைக்கத் திறந்த கதவு வழியாக நாமும் செலவில்லாமல் நுழைந்தோம். அந்த இரண்டு மாதச் சலுகை நீண்டுகொண்டே போனது. 2019-ல் இந்தியப் பயணிகள் ஏறக்குறைய 20 லட்சத்தைத் தொட்டார்கள்.

2019-ல் மொத்தம் வந்தவர்கள் ஏறக்குறைய 4 கோடி. 2021-ல்? சுமார் 4 லட்சத்து 28 ஆயிரம். நூறில் ஒரு பங்கு. கொரோனா எப்படிப்பட்ட அடி என்பதற்கு வேறு பாடமே வேண்டாம். கடற்கரை ஓட்டல்காரர், டாக்சி ஓட்டுபவர், மசாஜ் கடைப் பெண், வாழைப்பழ ரொட்டி விற்பவர் எல்லோருக்கும் அடுப்பு அணைந்தது.

அப்போது அவர்கள் செய்த ஒரு பரிசோதனை வகுப்பறையில் சொல்லத் தகுந்தது. நாட்டையே திறக்கப் பயம், மூடி வைக்கவும் முடியவில்லை. அதனால் 2021 ஜூலை 1 முதல் புக்கெட் தீவை மட்டும் திறந்தார்கள். தடுப்பூசி போட்டவர்கள் நேரே தீவில் இறங்கலாம். அறைக்குள் அடைபட வேண்டாம், 14 நாள் தீவுக்குள் சுற்றலாம். அதன்பின்தான் மற்ற ஊர்கள். முன்கூட்டியே அனுமதிச் சான்று, ஒரு லட்சம் டாலருக்கான காப்பீடு, அங்கீகரித்த ஓட்டல், திரும்பத் திரும்பப் பரிசோதனை என்று நிபந்தனைகள் இருந்தன. எல்லைச் சோதனை ஒரு மேசையில் முடியாமல் ஒரு தீவு முழுக்கப் பரவியது. நவம்பரில் 'தாய்லாந்து பாஸ்' என்ற இணையப் பதிவு வந்தது. 2022 ஜூலையில் அதை எடுத்தார்கள். விமானத்தில் பேனா கடன் வாங்கி நாம் நிரப்புவோமே, அந்த டி.எம்.6 என்ற வருகை அட்டையையும் விமானத்தில் வருபவர்களுக்கு அந்த ஆண்டே நிறுத்தி வைத்தார்கள்.

பிறகு வந்ததுதான் நம்மவர்களுக்குத் தெரிந்த செய்தி. 2023 நவம்பர் 10 முதல் இந்தியருக்கு 30 நாள் விசா இல்லாத அனுமதி. 2024 ஜூலை 15 முதல் 93 நாட்டினருக்கு 60 நாள். அதில் நாமும் இருந்தோம். 2018-ல் எங்களை ஒன்றரை மணி நேரம் நிறுத்திய அதே பாஸ்போர்ட்டுக்குத்தான் இந்த வரவேற்பு. 2024-ல் அங்கே போன இந்தியர்கள் சுமார் 21 லட்சம். ஆனால் 2025 தொடக்கத்திலேயே 60-ஐ 30 ஆகக் குறைக்க வேண்டும் என்று அங்கே பேச ஆரம்பித்துவிட்டார்கள். இப்படிப்பட்ட சலுகையை நிரந்தர உரிமை என்று நினைக்காதீர்கள். தேவை இருக்கும்வரை கதவு அகலமாக இருக்கும். டிக்கெட் போடும் முன் அன்றைய விதியைத் தூதரகத்தின் பக்கத்தில் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். விசா வேண்டாம், ஆனால் கார்டு வேண்டும் என்பது எப்படி? 2025 மே 1 முதல் தாய்லாந்து போகும் வெளிநாட்டவர் எல்லோரும், போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். பழைய காகித அட்டையே போனுக்குள் வந்திருக்கிறது, அவ்வளவுதான். அரசின் தளத்தில் இதற்குக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. பணம் கேட்டால் அது போலித் தளம் அல்லது இடைத்தரகர் என்று புரிந்துகொள்ளுங்கள்.

எந்த நாட்டை எடுத்தாலும் இதே போக்குதான். ஆஸ்திரேலியா 1996-லேயே விசா முத்திரைக்குப் பதிலாக மின்னணு அனுமதி முறையைக் கொண்டுவந்தது. விமான நிறுவனத்தின் கணினியிலேயே அனுமதி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மாலத்தீவு ஏறக்குறைய எல்லா நாட்டவருக்கும் வந்து இறங்கியதும் இலவசமாக 30 நாள் தருகிறது. ஆனால் நான்கு நாளுக்குள் இணையத்தில் விவரம் பதிந்திருக்க வேண்டும். மலேசியா 2023 டிசம்பர் முதல் நமக்கு விசாவை எடுத்தது. அங்கும் இணைய அட்டை உண்டு. பாலித் தீவு 2024 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டவரிடம் ஒன்றரை லட்சம் ருப்பியா வசூலிக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும், பயப்படாதீர்கள்.

நம் பக்கத்து வீடான இலங்கையின் கதை தனி. 2012-ல் அங்கே மின்னணு அனுமதி முறை வந்தது. 2024 ஏப்ரலில் அந்த வேலையை வெளிநாட்டு நிறுவனக் கூட்டமைப்பிடம் ஒப்படைத்தார்கள். கட்டணம் ஏறியது. கட்டுநாயக்க விமான நிலையத்தில், எங்கள் நாட்டின் வாசலில் வெளியாருக்கு என்ன வேலை என்று ஒரு பயணி கொதித்த காணொளி பரவியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், ஆகஸ்டில் பழைய முறைக்கே திரும்பும்படி உத்தரவானது. வாசலில் யார் நிற்பது என்பது வெறும் நிர்வாக விஷயம் இல்லை. நாட்டின் மானம் சம்பந்தப்பட்டது என்று அந்த மக்கள் நினைத்தார்கள்.

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். சுற்றுலாவுக்காகச் சோதனை எளிதாகும்போது கேள்விகள் தொலைந்து போவதில்லை, இடம் மாறுகின்றன. முதலில் தூதரகத்தில் கேட்டார்கள். பிறகு இறங்கிய இடத்து மேசையில். பிறகு விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில். காகிதம் சரியில்லாதவரை ஏற்றிப்போனால் திருப்பிக் கொண்டுவருவதும் அந்த நிறுவனத்தின் தலையில்தான், அதனால்தான் சென்னையிலேயே அவ்வளவு கேட்கிறார்கள். இப்போது நம் போனில் கேட்கிறார்கள். போய் இறங்கினால் கேமராவும் கைரேகைக் கருவியும் நாம் வாய் திறக்காமலே பதிலை எடுத்துக்கொள்கின்றன.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் எங்கும் சரியாகக் கேட்கப்படாமல் நழுவுகிறது. "நீ உண்மையில் எதற்காகப் போகிறாய்?" இந்தப் பதிவை எழுதியதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

"தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம், விசாவே வேண்டாம், கிளம்பு" என்று ஏஜெண்டுகள் நம் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். பையன் பாங்காக்கில் சுற்றுலாப் பயணியாக இறங்குகிறான். யாரும் தடுப்பதில்லை. வெளியே கார் நிற்கிறது. மேற்கே சுமார் 500 கிலோமீட்டரில் மே சோட் என்ற எல்லை ஊர். அங்கே மோய் ஆற்றைத் தாண்டினால் மியான்மரின் மியாவதி. அங்குள்ள வளாகங்களில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, இணைய மோசடி செய்ய வைக்கிறார்கள். மறுத்தால் அடி. 2022 அக்டோபரில் அங்கிருந்து மீட்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 13 பேர் சென்னை வந்து இறங்கினார்கள். 2025 மார்ச் 10, 11 தேதிகளில் இந்திய விமானப்படை விமானங்கள் மே சோட்டிலிருந்து 549 இந்தியர்களைக் கூட்டி வந்தன. படித்த பிள்ளைகள். யாரோ ஒரு டீச்சரிடம் உலக வரைபடம் குறிக்கக் கற்ற பிள்ளைகள்.

மூன்றாவது கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. தனியாக வரும் இளைஞரை அதிகாரி ஓரமாக நிறுத்தி, எங்கே தங்குகிறாய், எத்தனை நாள், யார் செலவு செய்கிறார்கள் என்று கேட்டால் கோபம் வரத்தான் செய்யும். சில இடங்களில் கேட்கும் முறை மரியாதையாக இருப்பதில்லை என்பதும் உண்மை. அதைக் கண்டிக்க வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மியாவதிக்குப் போன பையனை அன்று யாராவது இரண்டு நிமிஷம் நிறுத்திக் கேட்டிருந்தால் அவன் வீடு திரும்பியிருப்பானே என்று தோன்றுகிறது.

ஆகவே பிள்ளைகளே, டீச்சர் சொல்வதை நான்கு வரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, விசா இல்லாத அனுமதி ஊர் சுற்றிப் பார்க்கத்தான். அதில் வேலை பார்க்கச் சட்டம் இடம் தராது. "போய் மாற்றிக்கலாம்" என்று ஏஜெண்ட் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டு, திரும்பும் டிக்கெட், ஓட்டல் முன்பதிவு, கைச்செலவுக்குப் பணம் மூன்றும் கையில் இருக்கட்டும். போனில் சார்ஜ் போய்விட்டால் காட்ட ஒரு தாளிலும் அச்செடுத்து வையுங்கள்.

மூன்று, இணைய அட்டையை அரசுத் தளத்தில் நீங்களே நிரப்புங்கள். பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயர், எண் ஓர் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும்.

நான்கு, உங்கள் தெருவில், உறவில் யாராவது ஒரு பையனோ பெண்ணோ "விசா வேண்டாத வேலைக்கு" கிளம்பினால், விமான நிலையத்து அதிகாரி கேட்பார் என்று விட்டுவிடாதீர்கள். வாசலில் செருப்பைப் போடும் முன் நீங்கள் கேளுங்கள். எந்த கம்பெனி, எந்த ஊர், யார் கூட்டிப் போகிறார்கள், வேலை அனுமதி எங்கே என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் பயணமும் இல்லை.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். உங்கள் பழைய பாஸ்போர்ட்டை எடுத்து முத்திரைகளைப் புரட்டிப் பாருங்கள். இனி அவை அரிதாகிவிடும். 2025 அக்டோபரிலிருந்து ஐரோப்பாவில் 29 நாடுகள் முத்திரைக்குப் பதிலாக முகத்தையும் கைரேகையையும் பதியத் தொடங்கிவிட்டன. எந்த நாட்டில், எந்த வருஷம், உங்களிடம் என்ன கேட்டார்கள் என்று இங்கே எழுதுங்கள். மஸ்கட்டில், கோலாலம்பூரில், டொரன்டோவில் இருக்கும் பிள்ளைகள் முதலில் எழுதவும். எல்லாவற்றையும் படிப்பேன், எழுத்துப்பிழை இருந்தால் திருத்தியும் விடுவேன்.

பத்திரமாகப் போய், பத்திரமாக வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்